தலைமன்னார்: கடலோரத்தில் முடியும் தண்டவாளம்

தலைமன்னார் இறங்குதுறைப் புகையிரத நிலையத்தை வெறும் கடைசித் தரிப்பிடமாக என்னால் பார்க்க முடிவதில்லை. 1914 மார்ச்சில் தனுஷ்கோடியிலிருந்து கப்பல் சேவை ஆரம்பமானதும் அது இலங்கையின் வாசலாயிற்று. தோட்டத் தொழிலாளரும் வணிகரும் கடல் கடந்து வந்து, இங்கிருந்தே மதவாச்சி வழியாகத் தென்பகுதிக்குக் கோச்சி ஏறினர்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்தது. 1980களில் போர்ச்சூழல் அதனையும் நிறுத்திற்று. 1990இல் கோச்சியும் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர்.

இந்திய உதவியுடன் பாதை புனரமைக்கப்பட்டு, 2015 மார்ச் 14இல் இந்நிலையத்திற்கான சேவை மீண்டும் ஆரம்பமாயிற்று. தண்டவாளத்தை மீளப் போட்டுவிடலாம். ஆனால் கால் நூற்றாண்டாக வேறூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் ஊரை மீளக் கொடுப்பது அத்தனை இலகுவானதல்ல.

ஆகவே, இந்நிலையத்தின் வரலாற்றைத் திணைக்களக் கோவைகளிலிருந்து மட்டும் எழுதிவிடக் கூடாது என்பேன். கப்பலையும் கோச்சியையும் கண்ட எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதியோரிடமும் கேட்டு எழுத வேண்டும். அவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் சிலரே.