மார்க்சும் டிரிபியூனும்: ஓர் ஊதிய உறவின் முறிவு

இலண்டனில் அகதியாய் வாழ்ந்த கார்ல் மார்க்சின் முக்கிய எழுத்து வருவாய் ஏறத்தாழப் பத்தாண்டுகள் 'நியூயோர்க் டெயிலி டிரிபியூன்' பத்திரிகையிலேயே தங்கியிருந்தது. எழுத்தாளனின் உழைப்பு விலைப்படும் முறைக்கு இவ்வுறவு தக்கதொரு சான்றாகும்.

மார்க்ஸ் அங்கு ஊழியரல்லர். கட்டுரைக்குக் கூலி, முதலில் ஒரு பவுண், பின்னர் இரண்டு. அச்சேறாதவற்றுக்குப் பணமில்லை. சிறந்தவை பத்திரிகையின் தலையங்கங்களாக உருமாறின. 1855இன் பின் எதற்குமே பெயரில்லை. 'மூலதன'த்தில் துண்டுக்கூலியை ஆராய்ந்தவர் அதனைத் தமது எழுத்துமேசையிலேயே அறிந்திருந்தார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1857இன் தொடக்கத்தில் கட்டுரைகள் தொடர்ந்து கிடப்பிற் போடப்பட்டபோது, விலகுவதா என்ற வினா கூர்மையடைந்தது. கடனும் குடும்பமும் ஒருபுறம், தன்மானம் மறுபுறம். அவர் உடனே விலகினாரல்லர். வேறு பத்திரிகையை நாடப்போவதாக உணர்த்திப் பேரம் பேசினார். வாரம் ஒரு கட்டுரைக்கு, அச்சேறினும் ஏறாவிடினும், பணம் தர ஆசிரியர் சார்ல்ஸ் டேனா உடன்பட்டார். இதனை வெற்றியெனக் கொள்ளத் தயங்குகிறோம்: முன்னர் வாரம் இரண்டு எழுதியவரின் வருவாய் இதனாற் பாதியாயிற்று. ஆயினும் உழைப்பாளி விலகவல்லவன் என்று காட்டியபின்னரே முதலாளி இறங்கிவந்தான் என்பதை மறுப்பதற்கில்லை. மார்க்சுக்கு அத்துணிவு வாய்த்தமைக்கு மன்செஸ்டரில் வணிக அலுவலகத்தில் உழைத்து, அவருக்காகக் கட்டுரைகளும் எழுதி, பணமும் அனுப்பிய ஏங்கெல்ஸே பெரிதும் காரணர்.

இறுதி முடிவு மார்க்சின் கையிலிருக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் பத்திரிகையின் பக்கங்களை நிறைத்த நிலையில், 1862இல் கட்டுரைகளை நிறுத்துமாறு டேனா அறிவித்தார். அதே ஆண்டில் டேனாவும் அப்பத்திரிகையினின்று வெளியேற நேர்ந்தது.