சவரச் சோப்பில் கிளிசரின்: பிரித்தெடுத்த பொருளைத் திரும்பச் சேர்த்தல்

வீட்டில் சவரச் சோப்பு செய்யச் சொல்லும் குறிப்புகள் பலவற்றில் ‘சிறிது கிளிசரின் சேர்க்கவும்’ என்றொரு வரி உண்டு. எண்ணெயும் காரமும் வினைபுரிந்து சோப்பாகும்போதே கிளிசரினும் உண்டாகிறது. எண்ணெயின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. தானே கிடைக்கும் பொருளை விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பது ஏன்? இதற்கான விடை வேதியியலில் பாதியும் வரலாற்றில் பாதியுமாக இருக்கிறது.

1779இல் ஷீலே ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடுடன் சூடாக்கி இந்த இனிப்புத் திரவத்தைக் கண்டறிந்தார். அதற்குக் கிளிசரின் என்று பெயரிட்டவர் செவ்ரெல். 1825இல் அவரும் கே-லூசாக்கும் ஸ்டியரிக் அமிலத்தால் மெழுகுவர்த்தி செய்யக் காப்புரிமை பெற்றனர். அக்காலத்தில் கிளிசரின் பெரும்பாலும் ஆலைக் கழிநீரோடு போயிற்று. 1847இல் சொப்ரேரோ நைட்ரோகிளிசரினை உருவாக்கினார். 1867இல் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். கழிவு வெடிமருந்தின் மூலப்பொருளாயிற்று. உப்பிட்டுச் சோப்பைத் திரட்டியபின் எஞ்சும் நீரிலிருந்து கிளிசரினை மீட்பது பெரிய ஆலைகளுக்கு வருவாயானது. முதல் உலகப் போரில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஜெர்மனி சர்க்கரையை நொதிக்கவைத்துக் கிளிசரின் எடுத்தது. அதன் தேவை அவ்வளவு கடுமையாக இருந்தது.

இந்த வரலாற்றில் இந்தியாவின் இடம் எது? மலபாரின் கொப்பரையும் சென்னை மாகாணத்தின் நிலக்கடலையும் ஐரோப்பிய ஆலைகளுக்குக் கப்பலேறின. 1888இல் லீவர் நிறுவனத்தின் சன்லைட் சோப்பு கல்கத்தாவில் வந்திறங்கியது. வித்தாக வெளியேறிய கிளிசரின் ஏற்றுமதிக் கணக்கில் தனிப் பொருளாகத் தோன்றாது. ஆனால் அந்த இழப்பு மெய்யானது. 1919 வாக்கில் அர்தேஷிர் கோத்ரெஜ் தாவர எண்ணெய்ச் சோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, விலங்குக் கொழுப்பு இல்லை என்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. சுதேசிச் சோப்பைப் பற்றிய நம் ஆய்வுகளும் கொழுப்பின் தூய்மையை விரிவாகப் பேசுகின்றன. அதிலிருந்து பிரிந்த பொருளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

இனி முதற்கேள்விக்கு வருவோம். எண்ணெயிலிருந்து வீட்டில் செய்யும் குளியல் சோப்பை யாரும் உப்பிட்டுப் பிரிப்பதில்லை. ஆகவே கிளிசரின் அதிலேயே தங்கிவிடுகிறது. சவரச் சோப்பின் நிலை வேறு. தேங்காயெண்ணெய்ச் சோப்பின் நுரை பெரிதாக எழுந்து விரைவில் அடங்கிவிடும். கத்தி ஓடும்வரை நிற்கும் அடர்ந்த நுரைக்கு ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் வேண்டும். அந்த அமிலமோ ஆலையிலேயே கிளிசரினை இழந்து வருவது. அது காரத்தோடு சேர்ந்தால் சோப்பும் நீரும் மட்டுமே கிடைக்கும். நுரை காயாமல் ஈரத்தைப் பிடித்துவைக்கக் கிளிசரினைத் தனியே ஊற்றத்தான் வேண்டும்.

ஆக, குறிப்பிலுள்ள அந்த ஒரு வரி, ஆலை பிரித்தெடுத்ததை வீடு திரும்பச் சேர்க்கும் இடம். தொழில் வரலாற்றை ஆராயும் மாணவர்கள் சோப்புக் கட்டிகளை எண்ணுவதோடு நின்றுவிடாமல், கழிநீர் எங்கே போயிற்று என்றும் கேட்க வேண்டும்.