பவர் எண் மட்டும் போதுமா? ஆப்டோமெட்ரிஸ்ட் பணியும் அன்றாடக் கண் நலமும்

கண்ணாடிக் கடையில் உள்ள கருவியில் முகவாயைப் பதித்து, உள்ளே சாலையின் முடிவில் தெரியும் பலூனைச் சில விநாடிகள் பார்த்தால் போதும். பவர் எண் அச்சிட்ட சிறு தாள் வெளியே வந்துவிடும். நாட்டின் சிறு நகரங்கள் வரை 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்ற பெயரில் நடைபெறுவது இதுதான். பலரும் இதையே முழுமையான கண் பரிசோதனை என்று கருதுகின்றனர். உண்மையில் அந்த எண் பரிசோதனையின் தொடக்கம் மட்டுமே. அதற்குப் பிந்தைய பணிக்கெனத் தனிப் பட்டம் பெற்றவரே ஆப்டோமெட்ரிஸ்ட்.

இவர் கண் மருத்துவர் அல்லர். அறுவை சிகிச்சை செய்வதில்லை. கண்ணாடி விற்பனையாளரும் அல்லர். பார்வைத் திறனை அளந்து உரிய கண்ணாடியையோ கான்டாக்ட் லென்ஸையோ பரிந்துரைப்பதும், கண்ணின் முன்பகுதி, விழித்திரை, கண் அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்து, நோய் அறிகுறி தென்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவதும் இவரது பணி. இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டதே முக்கியமானது.

கருவி காட்டும் எண் ஏன் போதாது என்பதற்குக் குழந்தைகளே எடுத்துக்காட்டு. குழந்தையின் கண் தசைகள் வலுவாகச் சுருங்கக் கூடியவை என்பதால், கிட்டப்பார்வைக்கான பவர் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகப் பதிவாகலாம். எனவே, தசைகளைத் தளர்த்தும் சொட்டு மருந்திட்டுச் சோதிப்பது வழக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்த சர்க்கரையின் அளவு ஏறி இறங்கும்போது பவரும் மாறுகிறது. கட்டுப்பாடற்ற நிலையில் வாங்கிய கண்ணாடி, சர்க்கரை சீரானதும் பொருந்தாமல் போகும்.

அறுபது வயதைக் கடந்த சிலர், இப்போது கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்க முடிகிறது என்று பெருமையுடன் கூறுவதுண்டு. வெள்ளெழுத்து தானாக மறைவதில்லை. கண்ணின் லென்ஸ் கெட்டிப்படத் தொடங்கும்போது கிட்டப்பார்வை உண்டாவதால் ஏற்படும் இந்தத் தற்காலிகத் தெளிவு, பெரும்பாலும் கண்புரையின் தொடக்கமாகும். நாட்டில் 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்புக்குக் கண்புரையே முதன்மைக் காரணம் என்றும், அதன் பங்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு என்றும் 2015-19 தேசியக் கணக்கெடுப்பு தெரிவித்தது. இது அறுவை சிகிச்சையால் சரிசெய்யத்தக்கது.

கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் அத்தகையதன்று. பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும் இந்நோய், முதலில் பக்கப் பார்வையையே பறிக்கிறது. எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடையின்றிப் படிப்பவருக்கும் இந்நோய் முற்றியிருக்கலாம். இழந்த பார்வை திரும்புவதில்லை. குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருப்பின், 40 வயதுக்குப் பின் கண்ணாடி மாற்றும்போதேனும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதிக்குமாறு கேட்பது அவசியம்.

இந்தியாவில் ஆப்டோமெட்ரி கல்வி 1950-களின் இறுதியில் பட்டயப் படிப்பாகத் தொடங்கியது. இன்று பிளஸ் 2 வகுப்பில் அறிவியல் பாடங்கள் பயின்றோர் பி.ஆப்டம் பட்டப்படிப்பில் சேரலாம். ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி உட்பட இது நான்கு ஆண்டுகள், எம்.ஆப்டம் மேலும் இரண்டு ஆண்டுகள். கண் மருத்துவமனை, கண்ணாடி நிறுவனம், லென்ஸ் தயாரிப்பு, குறைபார்வையோர் மறுவாழ்வு, கல்வி, ஆய்வு எனப் பணிவாய்ப்புகள் விரிகின்றன. சொந்தமாகப் பரிசோதனை மையம் நடத்துவோரும் உள்ளனர்.

நெடுங்காலம் இத்தொழிலுக்கென மத்தியச் சட்டம் இல்லாததால், பட்டம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே வகைப் பெயர்ப்பலகையின் கீழ் இயங்கினர். 2021-இல் நிறைவேறிய தேசிய சுகாதாரத் துணைநிலைத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்டை அங்கீகரித்து, மத்திய, மாநிலப் பதிவேடுகளுக்கு வழிவகுத்தது. பரிசோதிப்பவரின் கல்வித் தகுதியைக் கேட்பதில் நோயாளிகள் தயங்க வேண்டியதில்லை.

அன்றாடப் பராமரிப்பில் செலவு குறைவு. திரையைப் பார்த்துப் பணியாற்றுவோர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள பொருளை 20 விநாடிகள் பார்ப்பது களைப்பைக் குறைக்கும். திரையை நோக்கும்போது கண் சிமிட்டுவது குறைவதே எரிச்சலுக்கும் வறட்சிக்கும் முக்கியக் காரணம். குழந்தைகள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் திறந்த வெளியில் இருப்பது கிட்டப்பார்வை உருவாகும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமுள்ள குழந்தை குறை சொல்வதில்லை. மறு கண்ணால் சமாளித்துவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்டறியாவிட்டால் அக்கண் 'சோம்பேறிக் கண்' ஆக நிலைத்துவிடக்கூடும். ஆகவே பள்ளியில் சேர்க்கும் முன்பே ஒரு பரிசோதனை தேவை.

கண் சிவந்தவுடன் மருந்துக்கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்கும் வழக்கம் ஆபத்தானது. ஸ்டீராய்டு கலந்த மருந்தைத் தொடர்ந்து இடுவது கண் அழுத்தத்தை உயர்த்துவதுடன் கண்புரையையும் விளைவிக்கும். கான்டாக்ட் லென்ஸைக் குழாய் நீரில் கழுவுதல் கூடாது. சர்க்கரை நோயாளிகள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கண் முன் திடீரென மின்னல் போன்ற ஒளி, திரை விழுவது போன்ற மறைப்பு, கடும் வலியுடன் கூடிய பார்வை மங்கல் ஆகியவை ஏற்பட்டால் கண்ணாடிக் கடைக்கன்றி, அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சுண்ணாம்போ அமிலமோ கண்ணில் பட்டால், மருத்துவமனைக்குப் புறப்படும் முன்பே தூய நீரால் குறைந்தது 15 நிமிடங்கள் தொடர்ந்து கழுவ வேண்டும்.