கரண்ட் வந்ததும் தானா ஓடும் 'சர்வீஸ்'... அதுக்கு அட்மின் அதிகாரம் எதுக்கு?

திருப்பூர் பனியன் கம்பெனியோ, கோவை லேத் பட்டறையோ, ஆபீஸ் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். பில், ஸ்டாக் கணக்கு எல்லாம் அதில்தான். கரண்ட் போய் வந்து அது ஆன் ஆனதும், யாரும் லாகின் செய்யாமலேயே மற்ற கம்ப்யூட்டர்களுக்குக் கணக்கை எடுத்துக் கொடுக்கும். இப்படி திரைக்குப் பின்னால் ஓடும் புரோகிராம்தான் 'சர்வீஸ்'. லினக்ஸில் 'டீமன்' என்பார்கள்.

என்ன சிக்கல்?

பல இடங்களில் இது அட்மின் அதிகாரத்தோடு ஓடுகிறது. சர்வீஸில் ஓட்டை இருந்து ஹேக்கர் நுழைந்தால், அதே அதிகாரம் அவர் கைக்குப் போய்விடும். வாட்ச்மேனிடம் கேட் சாவியோடு பீரோ சாவியையும் கொடுத்த கதைதான்!

இதற்கு முன் நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. 2001 ஜூலை 19-ல் 'கோட் ரெட்' வார்ம் 14 மணி நேரத்துக்குள் 3.59 லட்சம் கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வெப் சர்வரில் ஓட்டை இருந்த பகுதி, உச்ச அதிகாரமான 'சிஸ்டம்' கணக்கில் ஓடியதுதான் வினை. பின்னர் வந்த விண்டோஸ் சர்வர் 2003-ல், வெப்சைட்டை இயக்கும் பகுதி குறைந்த அதிகாரம் கொண்ட 'நெட்வொர்க் சர்வீஸ்' கணக்குக்கு மாற்றப்பட்டது.

அப்போ என்ன பண்ணணும்?

* சர்வீஸுக்கென்றே தனியாக ஒரு சாதாரண யூசர் கணக்கு தொடங்குங்கள். அட்மின் குரூப்பில் சேர்க்க வேண்டாம்.

* விண்டோஸில் 'சர்வீசஸ்' பக்கத்தில் அந்த சர்வீஸைத் திறந்து, 'லாக் ஆன்' பகுதியில் புதிய கணக்கைக் கொடுங்கள். 'ஸ்டார்ட்அப் டைப்' ஆட்டோமேட்டிக் என்று இருக்கட்டும்.

* லினக்ஸில் 'சிஸ்டம்டி' சர்வீஸ் ஃபைலில் 'யூசர்' என்ற வரியில் அந்தக் கணக்கின் பெயரை எழுதி, சர்வீஸை 'எனேபிள்' செய்தால் போதும்.

* கணக்கு இருக்கும் ஃபோல்டரில் மட்டும் எழுதும் அனுமதி கொடுங்கள்.

எதைக் கவனிக்கணும்?

லினக்ஸில் 1024-க்குக் கீழான போர்ட் எண்களை சாதாரண யூசர் வழக்கமாகத் திறக்க முடியாது. 80-க்குப் பதில் 8080 போன்ற எண்ணைப் பயன்படுத்தலாம். சில சாஃப்ட்வேர்கள் அட்மின் இல்லாமல் ஓடாது; விற்றவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். மாற்றியதும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, லாகின் செய்யாமலேயே ஓடுகிறதா என்று பாருங்கள்.

இதைச் செய்தாலும் அந்த சர்வீஸ் தொடும் கணக்கு ஃபைல்களுக்கு ஆபத்து இருக்கத்தான் செய்யும். ஆனால் மொத்த கம்ப்யூட்டரும் பறிபோவது கடினமாகும். அதனால் அப்டேட்டும் தனி ஹார்டு டிஸ்கில் பேக்கப்பும் கட்டாயம்.