வில்வித்தையில் உடல்நிலை

வில்வித்தையில் உடல்நிலை என்பது நாண் இழுத்து அம்பு எய்யும்போது வில்லாளர் தம் உடலைத் தேவையற்ற இறுக்கமின்றி வைத்துக்கொள்ளும் முறையைக் குறிக்கும். அம்பைச் செலுத்தும் ஆற்றல் வளைந்த வில்லில் சேமிக்கப்படுகிறது. எய்யும் நொடியில் கையை இறுக்குவதால் அம்பின் விரைவு கூடுவதில்லை. அதன் திசையே மாறுகிறது.

வல்வில் ஓரி

தமிழகத்தில் வில்லாற்றலுக்குப் பெயர்பெற்றவன் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான இவன், இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையை ஆண்டவன். இவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை வீழ்த்தி, புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் பாடியுள்ளார். ‘வல்வில்’ என்பது வலிமைமிக்க வில்லாகும். வில் வலியதாக இருக்கும் அளவுக்கு, அதை வளைப்பவர் தம் வலிமையைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

நிற்கும் முறை

கால்கள் ஏறத்தாழத் தோள் அகலத்திற்கு விலகியிருக்க, உடலின் எடை இரு பாதங்களிலும் சமமாக நிற்கும். முதுகு நிமிர்ந்தும் தோள்கள் தாழ்ந்தும் இருக்கும். தோள் உயர்ந்தால் கழுத்துத் தசைகள் இறுகி விரைவில் களைப்புறும்.

இழுத்தலும் விடுதலும்

நாணை இழுக்கும் பணியைக் கைத்தசையைவிட முதுகுத் தசைகளே மிகுதியாகச் செய்ய வேண்டும். வில்லேந்தும் கையின் எலும்புகள் நேராக அமைந்து வில்லின் அழுத்தத்தைத் தாங்கும். வில்லை இறுகப் பற்றினால் அது பக்கவாட்டில் திரும்பும்; ஆகையால் அது பெருவிரலின் அடிப்பகுதியில் சாய்ந்திருக்குமாறு ஏந்தப்படுகிறது. நாணை விடுகையில் விரல்கள் விரித்துத் திறக்கப்படுவதில்லை, தளர்த்தப்படுகின்றன. நாண் தானே விரல்களை விலக்கிச் செல்லும்.

துல்லியம்

ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் வைக்கப்படுகிறது. அதன் பத்துப் புள்ளி வட்டம் 12.2 செ.மீ. விட்டமுடையது. இத்தொலைவில் அம்பின் திசை 0.1 பாகை மாறினால் அது ஏறத்தாழ 12 செ.மீ. விலகும். நடுவை நோக்கி எய்த அம்பும் அவ்வட்டத்திற்கு வெளியே தைக்கும். இறுக்கத்தால் கையில் ஏற்படும் சிறு நடுக்கமே இதற்குப் போதுமானது.

விழா

கொல்லிமலையின் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உள்ளது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் தமிழ்நாடு அரசு அங்கு வல்வில் ஓரி விழாவை நடத்துகிறது. விழாவையொட்டி வில்வித்தைப் போட்டிகளும் நடத்தப்பட்டுள்ளன.