கேஸ்ட்ரிக் பேண்ட் சிகிச்சைக்குப் பின் எடை மீண்டும் ஏறாமலிருக்க...

உடல் பருமனைக் குறைக்க இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பொருத்தப்படும் சிலிக்கோன் வளையமே கேஸ்ட்ரிக் பேண்ட். வளையத்துக்கு மேலே சிறு பை போல் இடம் உருவாவதால் கொஞ்சம் உண்டாலே பசி அடங்கும். அதன் இறுக்கத்தை மருத்துவர் அவ்வப்போது சரிசெய்வார்.

முதலில் திரவ உணவு, பிறகு மசித்த உணவு, ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களுக்குப் பிறகே திட உணவு. நன்கு மென்று மெதுவாக உண்ண வேண்டும். அவசரப்பட்டால் வாந்தி வரும்.

வளையம் உணவின் அளவைத்தான் கட்டுப்படுத்தும். சர்பத்தும் ஐஸ்கிரீமும் தடையின்றி இறங்கிவிடும், எடையும் திரும்பிவிடும்.

எனவே விருந்தில் "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்தாமல் இருப்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் உதவி. நோன்பு வைப்பது பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வோம்.