லோகாஸ்ட் சேசிஸ்: குழாய்த் திட்டமும் வெட்டும்

லோகாஸ்ட் என்பது வீட்டுப் பட்டறையில் எஃகுக் குழாய்களை அறுத்து, வெல்டிங் வைத்து உருவாக்கும் ஈரிருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரிட்டனில் வழங்கும் பெயர். தோற்றத்தில் இது லோட்டஸ் செவனின் வழிவந்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின்னச்சு ஆகியவை பழைய ஃபோர்டு எஸ்கார்ட் போன்ற கார்களிலிருந்து கழற்றப்படுகின்றன. சேசிஸ் மட்டுமே முழுக்கச் சொந்தக் கைவேலை.

இதன் வரலாறு காலின் சாப்மனிடம் தொடங்குகிறது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் படித்த அவர், 1948இல் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்து, தன் காதலி ஹேஸல் வில்லியம்ஸ் குடும்பத்தாரின் கொட்டகையில் முதல் லோட்டஸைக் கட்டினார். 1952இல் வந்த மார்க் 6, குழாய்களை முக்கோணங்களாகப் பின்னிய ஸ்பேஸ் ஃபிரேம் கொண்டது. அதே ஆண்டில் ருடால்ஃப் ஊலன்ஹாட்டின் மெர்சிடிஸ் 300 எஸ்எல் பந்தயக் காரும் அதே வழியில் சென்றது. 1957இல் லோட்டஸ் செவன் அறிமுகமானது. உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் கொள்முதல் வரி இல்லை என்பதால் அது விரும்பி வாங்கப்பட்டது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டில் செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு மாறியது.

ஔண்டல் பள்ளி ஆசிரியர் ரான் சாம்பியன், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே அறிவித்து 1996இல் எழுதிய ஹேய்ன்ஸ் வெளியீடு, இந்தக் கலையை எல்லோருடைய கைக்கும் கொண்டுவந்தது.

குழாய் வகைகள் இரண்டு: உருண்டை, சதுரம். செவனில் இரண்டும் கலந்திருந்தன. முறுக்கு விசையை உருண்டைக் குழாய் நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் முனையை மீன்வாய் போல் குடைந்தால்தான் அடுத்த குழாயோடு பொருந்தும். சதுரக் குழாய்க்கு நேர்வெட்டே போதும். ஆகவே வீட்டுப் பட்டறைக்கு உகந்தது அதுவே. லோகாஸ்டில் பெரும்பாலும் 25 மி.மீ. சதுரமும் 1.6 மி.மீ. தடிப்பும் உள்ள மென்னெஃகுக் குழாய் பயன்படுகிறது. அதன் எடை மீட்டருக்குச் சுமார் 1.15 கிலோ.

எந்த நீளத்தில் எத்தனை துண்டு தேவை என்று காட்டும் வெட்டுப் பட்டியலில் நீளமான துண்டுகள் முதலில் ஒதுக்கப்படும். மிச்சத்தில் சிறியவை பொருத்தப்படும். கழிவு குறைய மூலப்பொருளைப் பங்கிடும் இக்கணக்கை, பின்னாளில் பொருளியல் நோபல் பெற்ற லியோனித் கண்டரோவிச் 1939இலேயே ஆராய்ந்திருந்தார். எடுத்துக்காட்டாக, 6,000 மி.மீ. குழாயில் 1,400 மி.மீ. துண்டு நான்கும் 380 மி.மீ. துண்டு ஒன்றும் எடுத்தால் 5,980 மி.மீ. செலவாகும். அறுப்பு வட்டு ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்றால் இன்னும் 15 மி.மீ. போகும். மீதி 5 மி.மீ.தான். ஆலையிலிருந்து வந்த முனை கோணலாக இருந்தால் அதைச் சரிசெய்யவே அது தீர்ந்துவிடும்.

சாய்வெட்டில் நீளம் எந்தப் பக்கத்தில் அளக்கப்பட்டது என்பதைக் குறிக்க வேண்டும். 25 மி.மீ. குழாயின் இரு முனைகளையும் எதிரெதிராக 45 பாகையில் வெட்டினால் வெளிநீளத்துக்கும் உள்நீளத்துக்கும் 50 மி.மீ. வேறுபாடு வரும். அனுபவசாலிகள் பட்டியலிலுள்ள எல்லாவற்றையும் ஒரேயடியாக அறுப்பதில்லை. அடிச்சட்டத்தைத் தட்டையான பலகையில் வரைந்து, மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, டேக் எனும் சிறு வெல்டிங் புள்ளிகளால் தற்காலிகமாக இணைத்த பிறகே குறுக்குக் குழாய்களை நேரில் அளந்து வெட்டுவார்கள். வெட்டியதும் பிசிறை அரத்தால் எடுத்துவிட வேண்டும். இடைவெளி விழுந்தால் வெல்டிங் சூட்டில் சட்டம் இழுத்துக்கொள்ளும்.

ஹாக்சாவே போதும் என்றாலும் பேண்ட்சா நேரத்தை மிச்சப்படுத்தும். இன்று லேசரால் வெட்டிய குழாய்த் தொகுப்புகளும் கிடைக்கின்றன. பிரிட்டனில் இத்தகைய கார்கள் சாலைக்கு வருமுன் 2009 முதல் ஐவிஏ எனும் தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும்.